கார்ட் கையை எடுக்கும் வரை

எனக்கு முன்கோபம். கல்முனையில் என்னைத் தெரிந்தவர்கள் இதற்குச் சாட்சி சொல்ல வரிசையில் நிற்பார்கள். இருபது வருடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தும் அது குறையவில்லை. மெயிலில் கோபப்படப் பழகியதுதான் மிச்சம். அந்தக் கோபத்தால் ஒரு நல்ல வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். அது கெடாமல் போனதற்கு நான் காரணமில்லை.

நாங்கள் இரண்டு பேர் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்காக இயங்குதளத்தின் அடிவேலைகளைச் செய்கிறோம். என் வீட்டு மேல்மாடி அறைதான் ஒஃபிஸ். மற்றவர் வினாயகபுரத்துப் பெண், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து வருவார், மற்ற நாட்களில் தன் வீட்டிலிருந்தே வேலை. நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை நானா, அதாவது அண்ணன், என்பார்.

கணினிக்குள் இருக்கிற கார்டுகள், படம் காட்டுவது, இணையத்தோடு பேசுவது எல்லாம், நினைவகத்தில் தாங்களாகவே எழுதும், வாசிக்கும். விட்டால் அடுத்தவர் வீட்டுச் சுவரிலும் எழுதிவிடும். அதனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு முகவரிப் பட்டியலைக் கொடுத்து, பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போகவிடாமல் காவல் வைக்கிறோம். பட்டியலை உண்டாக்கு, இந்த நினைவகத்தை அதில் சேர், கார்டை அதோடு இணை, சேர்த்ததைத் திரும்ப எடு. இவற்றை ஒரு புரோகிராம் இயங்குதளத்திடம் எப்படிக் கேட்க வேண்டும், இயங்குதளம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பது தங்கச்சியின் பொறுப்பு. கட்டளைகள் ஐந்தாறுதான். ஆனால் ஒருமுறை வெளியே போனால் மாற்ற ஏலாது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதை நம்பிப் புரோகிராம் எழுதிவிடுவார்கள். அது கொடுத்த வாக்கு.

எட்டு மாதம் அதிலேயே கிடந்தார். அவருடைய பெயரில் போகிற முதல் வேலை அது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அடுத்த பதிப்பில் சேரும். மாத முடிவில் அவரை நிரந்தரமாக்குவதா என்று கம்பனி பார்க்க இருந்தது. இது சேர்ந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. என் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

புதன்கிழமை அதை வாசித்தேன். ‘எடு’ என்ற கட்டளையில் எனக்குச் சூடு ஏறியது. புரோகிராம் நினைவகத்தைத் திருப்பிக் கேட்டால் உடனே ‘சரி’ என்று சொல்லக் கூடாதாம். கார்ட் அந்த இடத்திலிருந்து கையை எடுத்துவிட்டது என்று காவல்காரன் உறுதி சொல்லும் வரை காத்திருக்க வேண்டுமாம். இது என்ன கூத்து? நினைவகம் புரோகிராமுடையது. சொந்தக்காரன் கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, துப்புரவு வேலையைப் பிறகு செய்யலாமே! போனில் கத்தினேன்.

“தங்கச்சி, இதக் கழட்டுங்க. காத்து நிக்கிற புரோகிராம எவன் பாவிப்பான்?”

“நானா, கார்ட் இன்னும் எழுதிக்கிட்டு இரிக்கும். அனுப்பின பைல்ல எல்லாம் இரிக்கி. ஒருக்காப் பாருங்களன்.”

“எனக்குப் பாக்கத் தேவல்ல. கழட்டினாத்தான் கையெழுத்து.”

அவர் குரலை உயர்த்தவில்லை. “சரி நானா, நாளைக்குக் கதைப்பம்” என்று வைத்துவிட்டார். எனக்கு அதுவும் கோபம்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் பொதுக் கிணறு. நானும் மனைவிக்குக் கிடைத்த வீட்டில் இருக்கிறவன்தான். இப்போது மூத்த மகளின் முறை. வீட்டை அவளுக்கு எழுதுகிறோம். கூரையில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, போகிற பைப்பை அதற்குள் பிரித்துவிட வேண்டும். அவர்களுக்குப் புதுத் தாங்கியும் வாங்கி ஏற்றியாகிவிட்டது.

வியாழன் காலை பைப் வேலைக்காரர் வந்தார். “அங்கால ஆக்களிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். என் தாங்கி, என் பைப், யாரைக் கேட்பது? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வால்வை மூடினேன், அவர் அறுத்தார்.

இரண்டு நிமிடம் போயிருக்காது, பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து மனைவியின் தங்கை, என் மச்சி, போட்ட சத்தம்.

“மச்சான்! தலையெல்லாம் சவுக்காரம்! கண் எரியிது! எவன்டா தண்ணிய மூடின?”

புதுத் தாங்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றியிருக்கவில்லை. என் மனைவி வாளியோடு கிணற்றுக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பைப் வேலைக்காரர் அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் மேல்மாடிக்குத் தப்பி ஓடினேன்.

கதிரையில் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. தாங்கி என்னுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் நான் மூடினேன் என்பதால் மச்சி குளித்து முடித்ததாகிவிடுமா?

தங்கச்சியின் மெயிலைத் திறந்தேன். மூன்று பைல்கள். மூன்றாவதை நான் தொட்டே பார்த்திருக்கவில்லை. நான் புதன்கிழமை சொன்ன அதே யோசனையை, நான் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே, அவர் செய்து பார்த்திருந்தார். நானே அதை ஓட்டினேன். ‘சரி, எடுத்தாயிற்று’ என்று பதில் வந்தது. அந்த இடம் உடனே வேறொரு புரோகிராமுக்குப் போனது. கார்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. பரீட்சைக்காக அவர் வைத்திருந்த ஒரு கடிதத்தின் நடுவில், படத்தின் புள்ளிகள் குப்பையாக வந்து விழுந்தன. கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை. அதுதான் பயங்கரம். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன் எடுத்தேன். பஸ்ஸில் இருந்தார்.

“தங்கச்சி, பிழை என்னில. பைலத் திறக்காமத்தான் கத்தினன். இண்டைக்கே அனுப்புங்க, நான் கையெழுத்து வைக்கிறன்.”

பஸ் இரைச்சலுக்குள் அவர் குரல் வந்தது.

“இல்ல நானா. நீங்க சொன்னதிலயும் ஒண்டு சரி. ஆயிரம் துண்டு எடுக்கிறவன் ஆயிரம் தரம் காத்து நிக்கேலாதுதானே. எல்லாத்தையும் ஒரு கட்டாத் தந்து ஒருக்கா மட்டும் காத்து நிக்கிற மாதிரி மாத்தணும். ராவு முழுக்க அதத்தான் யோசிச்சன். ரெண்டு கிழம வேணும்.”

“ரெண்டு வாரமா? வெள்ளிக்கிழம போயிருமே!”

“ஓம், போயிரும்.”

“மாச முடிவு?”

“இத மறுகா மாத்தேலா நானா. பிழையாக் குடுத்திட்டு நான் நிரந்தரமாகி என்னத்துக்கு?”

இருபது வருடத்தில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. கத்தியவன் நான். அந்தக் கத்தலுக்குள் இருந்த ஒரு மணி நெல்லைப் பொறுக்கி எடுத்து, பதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விட்டவர் அவர்.

அவருக்கு நிரந்தர இடம் கேட்டு மாத முடிவில் கம்பனிக்கு நான் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ன என்ற இடத்தில் ‘நான் பைலைத் திறக்கவில்லை’ என்று போட்டேன். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் காலை முழுவதும் பிடித்தது. நிரந்தரம் கிடைக்கவில்லை, இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் வேலை அதற்கடுத்த பதிப்பில் சேர்ந்தது, இடமும் கிடைத்தது. வெளியே போன குறிப்பின் அடியில் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: கட்டாக எடுக்கும் யோசனை என் ஆட்சேபத்திலிருந்து வந்ததாம். கீழே என் பெயர். அதை வாசித்தபோது கண் கலங்கியது. சவுக்காரம் எதுவும் போட்டிருக்கவில்லை.

இப்போது இரண்டு தாங்கிக்கும் கிணறு ஒன்றுதான், தண்ணீர் ஏற்றும் மோட்டரும் ஒன்றுதான். அதை நிறுத்தப் போகும்போதெல்லாம் மதிலடியில் நின்று கூப்பிடுகிறேன்.

“மச்சி, முடிஞ்சா?”

பதில் வரும் வரை சுவிச்சில் கை வைப்பதில்லை.