துளசிக்கு இட்ட உரம்

கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் காலை ரயிலில் மெட்ராஸுக்கு வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமனாரும்தான்.

மாமனாருக்குப் பெருமாள் கோயிலில் துளசிக் கைங்கரியம். தினமும் இரண்டு ஓலைக் குடலை நிறையத் துளசி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும், விலைக்கு வாங்கக் கூடாது. இது கோயில் போட்ட சட்டமில்லை, இந்த வீட்டு மனுஷர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. அதனால்தான் மீற வழியே இல்லை. கொடுக்க முடியாமல் போனால் கைங்கரியம் பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. காப்பிகூட ஆறிப்போனதைத்தான் குடிப்பார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. கிணற்றில் வாளி தரையை இடித்தது. துளசி வெளுத்து, இலை சிறுத்து, ஓரம் சுருண்டு, பகலெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு குடலை ஒன்றரையாயிற்று. மாமனார் செடி செடியாக உட்கார்ந்து, கிடைத்த இலையைக் கிள்ளிக் கிள்ளிக் குடலையை நிரப்பப் பார்ப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் பொன்னேரிக்காரி. நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள். பயிர் வெளுத்தால் உரம் போடு, எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். அவ்வளவுதான் தெரியும் என்பது அப்போது தெரியாது.

கடைத்தெரு உரக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மடிசார் கட்டியவள் அவர் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“இன்னா மாமி, நெல்லுக்கா, வேர்க்கடலைக்கா?”

“துளசிக்கு,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

“கலப்பு உரம் கீது. செடிக்கு ஒரு சிட்டிகை போடுங்க, போதும்.”

“அதுல என்னென்ன இருக்கு?”

“அமோனியா, சூப்பரு, அப்பால கொஞ்சம் எலும்புத் தூளு. ஆனா தண்ணி நெறைய வுடணும் மாமி. தண்ணி இல்லன்னா போடவே வாணாம், செடி எரிஞ்சி பூடும்.”

நான் எலும்பிலேயே நின்றுவிட்டேன். பெருமாளுக்குச் சாத்துகிற துளசிக்கு எலும்பா? எந்த மாட்டினுடையதோ. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். பிறகு வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடினேன். மண்ணில் செத்த புழு பூச்சி இல்லையா, அதைத் தின்றுதானே துளசி இத்தனை காலமும் வளர்ந்தது? வாதத்தில் ஜெயித்து, இரண்டு கிலோ வாங்கி, தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்தேன். தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று.

மத்தியானம் மாமனார் கண்ணயர்ந்த நேரத்தில் போட்டேன். சிட்டிகை எந்த மூலைக்கு என்று பிடி பிடியாகப் போட்டேன். தண்ணீர், செடிக்கு அரைச் சொம்பு. மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. ஒரு வாரத்தில் பாத்தியில் பாதி சுள்ளியாக நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பல வருஷம் கழித்து, ரேடியோ விவசாய நிகழ்ச்சியில் ஒருவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. வெயிலில் வாடுகிற செடிக்குப் பசி இல்லை, தாகம். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டினால் அது வேரிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடுமாம். மாவடுவில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதேதான். வருஷம் தவறாமல் மாவடு போட்டவள் நான். இது தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மாமனார் கருகின பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, செடிக்கு நீ ஏதாவது போட்டியா?”

கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பது போலக் கேட்டார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உரம் என்றால் என்ன உரம் என்பார், அதற்குப் பதில் சொன்னால் எலும்பு வரும். அத்தனை நாள் பெருமாளுக்குத் துளசி பறித்த கை, எலும்பு போட்ட செடியைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தால் மனுஷர் தாங்கமாட்டார். பயந்துவிட்டேன்.

“இல்லையே,” என்றேன்.

“அப்ப சரி,” என்றார். “என் கையால வேண்டாம்னு பெருமாள் நெனச்சுட்டார்.”

மறுநாளே குடலைகளைப் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டார். மழை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அடுக்களை வாசலில் நின்று அவர் என்னைக் கேட்டபோது நான் பாதியாவது சொல்லியிருக்கலாம். உரம் போட்டேன், கருகிவிட்டது என்று மட்டும் சொல்லி, எலும்பை விட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தபோது குடலைகள் போய் ஒரு மாதமாகியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பட்டுப்போனது என்று விட்ட கட்டைகள் சிலவற்றில் துளிர் வந்தது, உதிர்ந்த விதைகள் முளைத்தன. அதுவரை மண்ணில் சும்மா கிடந்த எலும்புத் தூள் ஈரத்தில் மெல்லக் கரைய ஆரம்பித்திருக்க வேண்டும். தை பிறப்பதற்குள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு துளசியை அந்தக் கொல்லை அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு நாள் காலை மாமனார் பாத்தியருகே போய் நின்றார். நான் சொம்போடு பின்னால் நின்றேன். அவர் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை.

“பார்த்தியாம்மா,” என்றார். “நான் கையை எடுத்ததும் எப்படி வந்திருக்கு.”

“ஆமாம்,” என்றேன்.