நடவு வலியும் மாத்திரை வலியும்

அன்று மதியம் போர்செட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை.

கீழத்தெரு அக்கா. எங்கள் நடவு செட்டில் குலவை போடுகிறவள்.

என் வீட்டுக்காரர். நாற்றுக் கட்டு சுமக்க வந்திருந்தார். கட்டை நாங்கள் முடி என்போம்.

வயலைக் குத்தகைக்குப் பார்க்கிற பெரியவர்.

ஸ்கூட்டரில் வந்த நர்ஸ். மாதம் ஒரு தடவை ஊருக்குள் வந்து மாத்திரை கொடுப்பவர். வீடு பூட்டியிருந்ததால் வயலுக்கே வந்துவிட்டார்.

செட்டில் மற்ற ஒன்பது பேரும் வாய்க்கால் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் நடவு செட் பன்னிரண்டு பேர். நாளுக்கு மூன்று மா நடுவோம். மூன்று மா ஒரு ஏக்கர். மேஸ்திரி நான்தான். ஆள் சேர்ப்பது, கூலி பேசுவது, வரிசை பிடிப்பது என் பொறுப்பு. ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு வயல்தான். முப்பத்து நான்கு வருடமாக நடுகிறேன்.

மாத்திரை வந்தது வைகாசியில். ஊருக்குள் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. பிரஷர் கொஞ்சம். கெட்ட கொழுப்பு அதிகம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒல்லி. கீழத்தெரு அக்காவுக்கு அதைவிடச் சிரிப்பு.

"ஈர்க்குச்சியாட்டம் இருக்கா, இவளுக்குக் கொழுப்பாம்ல! எல்லாம் வாயிலேர்ந்து ரத்தத்துக்கு எறங்கியிருக்கு."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்பா அம்மாவுக்கு நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார். அப்பா நாற்பத்தெட்டு வயதில் வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். ஒல்லிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா என்றார். பத்து பவர் மாத்திரை எழுதினார். ராத்திரி ஒன்று.

போட்டேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். நன்றாக இறங்கியிருக்கிறது, தொடர்ந்து போடுங்கள் என்றார்கள்.

புரட்டாசிக் கடைசியில் சம்பா நடவு தொடங்கியது. மாத்திரையை வெற்றிலைப் பையில்தான் வைத்திருந்தேன். பாக்கு, சுண்ணாம்பு, மாத்திரை. பையை இடுப்பில் சொருகியிருந்தேன். மதகில் கால் கழுவக் குனிந்தபோது நழுவி வாய்க்காலில் விழுந்தது. ஆறு நிறையத் தண்ணீர் விட்டிருந்த சமயம். பார்த்துக்கொண்டே இருந்தேன், போய்விட்டது.

"விடுடி," என்றாள் கீழத்தெரு அக்கா. "வேளாங்கண்ணி மீனுக்கெல்லாம் கொழுப்பு கொறையட்டும்."

நர்ஸ் வர இன்னும் பத்து நாள். மறுநாள் நாத்தனாரிடம் கேட்டேன்.

அவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் அட்டாக் வந்தது. நெஞ்சுக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். குனிந்து நடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் கரையில் நின்று முடி பிரித்துக் கொடுப்பாள். அவளுக்கும் கொழுப்பு மாத்திரை உண்டு. அதே ஆஸ்பத்திரி, அதே வெள்ளை மாத்திரை.

எங்களுக்கு இது புதிதில்லை. ஒரு வயலில் நாற்று குறைந்தால் பக்கத்து வயலில் பத்து முடி வாங்கி நட்டுவிடுவோம். அவர்களுக்குக் குறையும்போது திருப்பிக் கொடுப்போம். யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் மறப்பதும் இல்லை.

"பத்து குடு புள்ள. நர்சு வந்ததும் திருப்பித் தர்றேன்."

"எடுத்துக்கங்க அண்ணி. இதுக்குப் போயி."

அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். பவர் எழுதியிருந்த பக்கம் அவளிடமே இருந்துவிட்டது.

ராத்திரி ஒன்று போட்டேன். ஒரு நாள் நடவு முடித்து வந்து சாப்பிடாமல் தூங்கிவிட்டேன். மறுநாள் இரண்டாகப் போட்டேன். உரம் போட மறந்தால் மறு தடவை சேர்த்துத்தானே போடுகிறோம். அந்தக் கணக்கு.

ஐந்தாறு நாளில் வலி வந்தது.

நடவு வலி எனக்குத் தெரியும். முதல் நாள் இடுப்பில் பிடிக்கும். இரண்டாம் நாள் தொடையின் பின்பக்கம் இறங்கும். நான்காம் நாள் உடம்பு பழகிவிடும். பிறகு சீசன் முடியும்வரை வராது. இந்த வலி அப்படி இல்லை. பழகிய பிறகு வந்தது. இரண்டு தொடையும், இரண்டு தோளும். மழை பெய்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாளிலும் வலித்தது. அம்மியிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன். மன்னார்குடி பஸ்ஸில் படி ஏற முடியவில்லை. பின்னால் இருந்தவர் முட்டுக் கொடுத்து ஏற்றினார்.

யாரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரிக்குக் கால் வலி என்றால் செட் கலைந்துவிடும். நடவு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் பயம் அது ஒன்றுதான். வயலில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்று.

ஆனால் நடவில் எதையும் மறைக்க முடியாது. நாங்கள் பின்னோக்கி நகர்ந்துதான் நடுவோம். அதனால் தாமதமாகிறவள் எல்லோருக்கும் முன்னால் தனியாக நிற்பாள். நர்ஸ் வந்த அன்று காலை தலை நிமிர்ந்து பார்த்தேன். என் இரண்டு பக்கமும் யாரும் இல்லை. நடுகிற மற்ற பத்துப் பேரும் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி, மேஸ்திரின்னு முன்னாடி போயி நிக்கிறியா?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் அசையவில்லை.

மதியம் கொட்டகையில் நர்ஸ் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு? கை கால் வலி எதுவும்?"

"நடவு வலிதான் சிஸ்டர்."

"பொய்," என்றாள் அக்கா, சோற்றுக் கையோடு. "பஸ்ல இவள மூட்டையாட்டம் தூக்கிப் போட்டாங்களாம். ஊரே சொல்லுது."

நர்ஸ் உட்கார்ந்துவிட்டார். "மாத்திரைய எடுங்க பாப்போம்."

மிச்சம் இருந்த ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து எதுவும் இல்லை.

"இது நான் குடுத்த அட்டை இல்லியே. எங்க வாங்குனீங்க?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். நாத்தனார் வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து மீதி அட்டையை எடுத்து நீட்டினாள். நர்ஸ் இரண்டையும் வெட்டிய இடத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"இது நாப்பது பவருக்கா. உங்களுது பத்து. நாலு மடங்கு போட்டுருக்கீங்க."

"ஒரு நாளு எட்டு மடங்கு," என்றேன். மறைத்துப் பிரயோசனம் இல்லை. இரண்டாகப் போட்ட கதையைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மாத்திரையையுமா கடன் வாங்குவ?"

"நீங்க பக்கத்து வூட்டுச் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறீங்கள்ல?"

"செருப்பு வயித்துக்குள்ளயா போவுது?"

நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. அக்கா, ஒன்னுக்கு என்ன கலர்ல போவுது?"

பெரியவர் எழுந்து வெளியே போய்க் கொக்கு எண்ண ஆரம்பித்தார்.

"எப்பவும் போலத்தான்."

"டீத் தண்ணி மாதிரி, கருப்பா?"

"இல்ல. வெளுப்பாத்தான்."

"நல்லவேளை. கருப்பா போனா ஒரு நிமிஷம் ஒக்காரக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். இப்பயும் போவணும். நாளைக்குக் காலைல." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "பத்து மாத்திரை குடுத்தீங்களே, உங்களுக்கு எப்படிப் பத்துச்சு?"

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "ஒரு நாளு விட்டு ஒரு நாளு போட்டேன் சிஸ்டர்."

நர்ஸ் இரண்டு அட்டையையும் கீழே வைத்தார். "ஸ்டென்ட் வச்ச ஆளு. அவங்களுக்குக் கூடிப் போச்சு, உங்களுக்குக் கொறஞ்சு போச்சு. ரெண்டு பேரும் கெளம்புங்க."

மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். இந்தத் தடவை நாத்தனார் என்னை ஏற்றிவிட்டாள். ஸ்டென்ட் வைத்தவள் ஏற்றிவிட வேண்டியதாயிற்று. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ரத்தம் எடுத்தார்கள். சதை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்டுகிற டெஸ்ட், கிட்னி டெஸ்ட். சாயந்தரம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"கிட்னி நல்லா இருக்கு. சதை டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்கு. நடவு வேலை செஞ்சாலே கொஞ்சம் ஏறும். மாத்திரையும் சேர்ந்துக்கிச்சு. பயப்பட ஒன்னுமில்ல. ரெண்டு வாரம் மாத்திரைய நிறுத்துங்க. வயல்ல எறங்காதீங்க. தண்ணி நல்லாக் குடிங்க. திரும்ப டெஸ்ட் பாத்துட்டு சொல்றேன்."

"அதுக்கப்புறம் நடவுக்கு எறங்க முடியுமாங்க?"

"டெஸ்ட் சொல்லட்டும்."

"ஒரேயடியா நிறுத்திடவா, மாத்திரைய?"

"அப்பா எத்தன வயசுல போனாருன்னு சொன்னீங்க?"

மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் சொருகினேன். நாத்தனாரிடம் மட்டும் ஒரு நாள் கூட விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். மறந்துபோனால் விட்டதை விட்டதாக வைத்துக்கொண்டு மறுநாள் ஒன்றே ஒன்று போட வேண்டும் என்று எனக்குச் சொன்னார். காய்ச்சல், சளி என்று வேறு மாத்திரை வாங்கினால் கடையில் இந்த மாத்திரையையும் சொல்ல வேண்டும். வலி வந்தால் மறைக்கக்கூடாது. அவ்வளவுதான். எழுதிக்கொள்ளவில்லை. மனதில் நின்றது.

இரண்டு வாரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருக்கச் சொன்னார்கள், முடியவில்லை. குடை பிடித்துக்கொண்டு வரிசை கோணினால் குரல் கொடுத்தேன்.

"கலெக்டரம்மா வந்திருக்காங்க, ஒழுங்கா நடுங்கடி," என்பாள் அக்கா. டீ வந்தால் முதல் டம்ளரை எனக்கு நீட்டி நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிப்பாள். என் இடத்தில் என் வீட்டுக்காரரை இறக்கினார்கள். அவர் நட்ட நாற்று பாதி மிதந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் டீ நேரத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வரப்பில் வந்து உட்கார்ந்தார்.

"இதையா முப்பது வருஷமா செய்யிற?"

"முப்பத்து நாலு."

அன்று ராத்திரி அவரே சோறு வடித்தார்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாத்திரையைத் தூக்கிப் போடு, கொள்ளு ரசம் குடி, பூண்டு தின்னு. நர்ஸிடம் கேட்டேன். "கொள்ளு ரசம் நல்லாக் குடிங்க. எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க. மாத்திரைக்குப் பதிலாத்தான் ஆவாது," என்றார். கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

ஒவ்வொரு நாளும் வலி ஒரு விரற்கடை இறங்கியது. ஒன்பதாம் நாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. உட்கார்ந்து இன்னொரு தடவை எழுந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். மறுநாள் நர்ஸ் போன் செய்தார். நான் வரப்பில் இருந்தேன். போனைக் காதில் வைத்ததும் பன்னிரண்டு பேரின் சத்தமும் நின்றது.

"டெஸ்ட் நார்மல்கா. எறங்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ராத்திரிலேர்ந்து பத்து பவர் ஒன்னு. உங்க அட்டைலேர்ந்து."

"நாத்தனாருக்குப் பத்து மாத்திரை திருப்பித் தரணுமே சிஸ்டர்."

"தந்தீங்கன்னா உங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷன்ல புடிச்சுக் குடுத்துருவேன். அவங்களுக்கு நான் குடுத்துட்டேன்."

போனை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் புடவையை மேலே சொருகினேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்ட குலவை அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த செட்டும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து குலவை போட்டது. என் வீட்டுக்காரர் விட்டால் போதும் என்று கரையேறினார். அவர் இடத்தில் நான் இறங்கினேன். சேறு குளுகுளுவென்று இருந்தது.

பத்து பவர் ஒத்துக்கொண்டது. இறங்கிய அன்றே இடுப்பில் பிடித்தது. அதற்கு மறுநாள் தொடையின் பின்பக்கம். நான்காம் நாள் போய்விட்டது. சுத்தமான நடவு வலி. அவ்வளவு நல்ல வலியை நான் அனுபவித்ததில்லை. அக்காவிடம் சொன்னேன். "பைத்தியம்," என்றாள்.

மாத்திரையை இப்போது வீட்டில் உப்பு ஜாடி பக்கத்தில் வைத்திருக்கிறேன். முழு அட்டையாக. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒன்று. நாத்தனாருக்கு அப்போது போன் போடுவேன். "போட்டியா?" "போட்டேன் அண்ணி. நீங்க?" "போட்டேன்." வைத்துவிடுவோம்.

ஐப்பசிக் கடைசியில் நடவு முடிந்தது. நான் திரும்ப இறங்கியதிலிருந்து செட் நட்டது முப்பத்தொரு மா.