மகளின் மாமனார் போட்ட உப்புக்கண்டம்

மகளின் மாமனாரோடு நான் ஒரு பகல் முழுக்க இருந்தது அந்த ஒருநாள்தான். சாயல்குடியில் அவர் வீட்டு மாடியில் உப்புக்கண்டம் போட்டுக்கொண்டிருந்தார். நெட்டையான ஆள், தலையில் ஈரத்துண்டு. உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறிய ஆட்டுக்கறியைக் கோணி ஊசியால் சணலில் கோத்தார். கோக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் மோந்து பார்ப்பார்.

“இன்னும் கொஞ்சம் உப்புப் போடலாமே, சம்பந்தி,” என்றேன்.

“வேணாம். நம்ம புள்ளைக்குக் கரிச்சா ஆகாதுல்ல?”

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம்வரை நான் போட்ட உப்புக்கண்டத்தைத்தான் மகள் தின்றாள். கரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கீழேயிருந்து மகள் கத்தினாள். “அய்யா, காக்கா வருது பாருங்க!”

நான் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அவர், “பாத்துட்டேன் ஆத்தா,” என்றார்.

“சரிங்கய்யா,” என்றாள் அவரிடம்.

எங்கள் பக்கம் பெற்ற அப்பனைத்தான் அய்யா என்போம். மாமனார் என்றால் மாமாதான். கம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

புறப்படும்போது, முன்பே காய்ந்ததில் ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டில் பொரித்து, ஒரு துண்டாவது கரிக்காதா என்று தேடித் தேடித் தின்றேன். கடைசித் துண்டுவரை கரிக்கவே இல்லை.