அரை விரல் இறங்கிய பிரேக்

எங்கள் எஸ்டேட்டில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். குன்னூருக்குக் கீழே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்வேன். காலையிலேயே போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டி வைத்து எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்; திரும்பி வந்துவிடுங்கள். பிறகு பிரேக்கை அழுத்தி, காலை எடுக்காமல் அறுபது வரை எண்ணுங்கள். மிதி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் பிரேக் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கீழே சமவெளியில் அந்த வண்டியை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம். மலையில் முடியாது.

என் தங்கையின் கணவர் கேத்தியில் குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறவர். அறுத்த கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோக வாடகை லாரிக்குக் காத்திருந்தே அவருக்குச் சலித்துவிட்டது. சின்ன லோடு வேன் ஒன்று சொந்தமாக வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் ஒன்றில் வண்டி வந்திருப்பதாகத் தெரிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். தங்கை மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். அன்றைக்கே வண்டியில் திரும்பிவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள் போல. பூ, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் ஒரு பையில் இருந்தன.

பானெட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"நீங்க வர்றீங்கன்னு இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேனுங்க," என்றார் கன்சல்டிங்காரர்.

வேறு யாருக்காவது பார்க்கப் போயிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். ஆனால் மச்சினர் அதற்குள் பின்தட்டைத் திறந்து, எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கையால் அளந்துகொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். தங்கை பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். பிரேக்கை அழுத்தி மனதுக்குள் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் போனபோது என் காலுக்குக் கீழே மிதி அரை விரல் அளவு இறங்கியது. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். இந்த முறை நின்றது. நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிங்க மச்சான்?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"நல்ல வண்டிங்க மாப்ள. மேல போனதும் பிரேக்கை மட்டும் ஒருக்கா மெக்கானிக்குகிட்டக் காட்டிருங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். நான் பார்த்தால் தவறாது என்று ஊரே சொன்னதை நானும் நம்பியது இன்னொன்று. இந்த இரண்டையும் எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அந்த அரை விரல் அப்படியேதான் இருக்கிறது.

வண்டியை நானே மேலே ஓட்டி வந்தேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. எந்தக் குறையும் தெரியவில்லை. தங்கை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கேத்தி மாரியம்மன் கோவில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தோம்.

அந்த வாரம் மெக்கானிக் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் கேரட் அறுவடை வந்துவிட்டது. போனில் கேட்டேன். "ரெண்டு லோடு எறக்கிட்டு விட்டர்றேனுங்க மச்சான்," என்றார். சரி என்றேன்.

இரண்டாவது லோடு போய்ச் சேரவில்லை. காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் மிதி அடிவரை போய்விட்டது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை. எதிரே பஸ் வருவதற்குள் அவர் வண்டியைப் பாறையில் கொண்டுபோய் மோதினார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு முழுக்கக் கேரட் உருண்டு கிடந்தது. அவரை அதற்குள் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைப் பார்த்ததும், "நாந்தானுங்க மச்சான் மெக்கானிக்குகிட்ட விடல. நீங்க சொன்னீங்க," என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம், "எங்க மச்சான் அப்பவே சொன்னாருங்க," என்று என்னைப் பெருமையாகக் காட்டினார். நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்துத் தங்கையிடம் சொன்னேன். அவள் இப்போது கேரட் கழுவும் இடத்தில் கூலிக்குப் போகிறாள். அன்றைக்கு வேலை முடிந்து வந்தவள், தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி பார்க்கப் போன அன்று மிதி இறங்கியதை நான் உணர்ந்தேன் என்று சொன்னேன். திட்டுவாள், அழுவாள், இனி வராதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"தெரியுமுங்கண்ணா," என்றாள். "பக்கத்துல தான உக்காந்திருந்தேன். உங்க மொகம் மாறுச்சு. கேட்டா வேண்டாம்னுருவீங்களோன்னு நான் கேக்கல."

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இனி பேசவும் மாட்டோம். என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அவள் சுமந்துகொண்டிருந்ததையும் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

வண்டி பார்க்க யாருக்காகவும் நான் போவதில்லை. போன மாதம் எங்கள் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டு போனார். அவரே ஒரு வண்டியைப் பிடித்து வாங்கியும் விட்டார். அந்த வண்டி எங்கள் கேட்டைத் தாண்டி இறக்கத்தில் போகும் சத்தம் கேட்டால், அது மறையும் வரை என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது.

கடைசியாகக் கேத்திக்குப் போனபோது மச்சினர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கால் இல்லாதவர்களுக்காக மாற்றி அமைத்த வண்டி.

"கையாலயே பிரேக் புடிக்கலாமாமுங்க. பழசே கெடைக்குதாம். உங்களுக்கு எப்ப லீவுன்னு சொல்லுங்க மச்சான், ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்தர்லாம். நீங்க பாத்தாத்தான் எனக்குத் தைரியம்."

தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். எஸ்டேட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ரோடு வரை வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

இன்னும் லீவு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் டூட்டி போடச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் வாரம் தவறாமல் போன் செய்கிறார்.