கிண்ணத்தை மூடுகிற கை

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், முன்னது பின்னதாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், மலைப் பெயர் எல்லாம் மறந்துவிட்டது. எரிச்சல் மட்டும் மறக்கவில்லை.

ஷார்ஜா ரோலாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் பெருநாள் லீவுக்கு மகனும் மருமகளும் மலை ஏறுவதற்காகக் கிர்கிஸ்தான் போனார்கள். என்னைத் தனியே விட முடியாமல் கூடவே கூட்டிப்போனார்கள். இங்கே ஏசி இல்லாமல் மூச்சு விட முடியாத நாளில் அங்கே நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

கோடையில் ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் வந்து கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் அந்த ஜனங்கள். புல் தீர்ந்தால் கூடாரத்தைக் கழற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த இடம். நாங்கள் தங்கிய கூடாரத்துக்காரிக்கு என் வயசு இருக்கும். முன்வரிசையில் இரண்டு தங்கப்பல். மற்றவர்கள் மேலே ஏரியைப் பார்க்க நடந்துபோன பின்னால் நானும் அவளும்தான். அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. எனக்கு அது எவ்வளவு சௌகரியம்! நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான்.

குதிரைப் பாலைப் புளிக்க வைத்துக் கிண்ணத்தில் தருவார்கள். மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று மடமடவென்று குடித்து முடித்தேன். உடனே நிரப்பினாள். மறுபடி குடித்தேன், மறுபடி நிரப்பினாள். மூன்றாவது கிண்ணத்தில் என் முழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். போதும் என்றால் அப்படி மூட வேண்டுமாம், நாம் இலையை மூடுகிற மாதிரி. காலிக் கிண்ணம் இருந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அவளுடைய அந்தச் சொரசொரத்த கையை வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மறுபடியும் போகலாம் என்றாள் மருமகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோலாவில் கடை கடையாக ஏறிக் கூடாரத்துக்காரிக்கென்று ஒரு சிவப்புச் சால்வை வாங்கினேன். அப்புறம்தான் மருமகள் சொன்னாள்: "எங்கம்மாவும் வராங்க அத்தை."

அவள் அம்மா, என் சம்பந்தி, பஹ்ரைனில் ஈசா டவுனில் மகனோடு இருக்கிறார். லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் நாலு பேரைச் சிநேகிதம் பிடித்துவிடுவார்.

கூடாரத்துக்காரி என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. விருந்தாளிகளில் மூத்தவர் வாசலுக்கு நேர் எதிரே, மெத்தை போட்ட இடத்தில் உட்கார வேண்டும். போன தடவை அது என் இடம். இந்தத் தடவை எங்களை வண்டியில் கூட்டி வந்தவர் "யார் மூத்தவர்?" என்று கேட்க, மகன் இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்துப் பார்த்து, தன் மாமியாரைக் காட்டி, "இவங்கதான், ரெண்டு வயசு பெரியவங்க" என்றுவிட்டான்.

என் வயசு எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஸ்கூலில் சேர்ப்பார்கள். எனக்குக் குட்டைக் கை, ஏழு வயசில்தான் எட்டியது. வாத்தியார் ஐந்து என்று எழுதிக்கொண்டார். அதுவே பாஸ்போர்ட் வரைக்கும் வந்துவிட்டது. சரியாகப் பார்த்தால் எங்கள் இருவருக்கும் ஒரே வயசு. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தி என் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டார். நான் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

பத்தே நிமிஷம். கூடாரத்துக்காரி சம்பந்தியின் தோட்டைத் தொட்டுப் பார்க்கிறாள், சம்பந்தி அவள் தங்கப்பல்லைக் காட்டித் தமிழிலேயே என்னமோ கேட்கிறார், இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சால்வையைப் பைக்கு அடியில் தள்ளினேன்.

கிண்ணம் வந்தது. "நம்ம மோர் மாதிரிதான் இருக்கு மதினி, கொஞ்சம் புகை வாசம்" என்றார் சம்பந்தி. எங்கள் பக்கம் சம்பந்திகள் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரே மூச்சில் குடித்தார். நிரம்பியது. மறுபடி குடித்தார். நான் என் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடி, நல்லாக் குடி என்று மனசுக்குள் சொன்னேன்.

விடிந்ததிலிருந்து சம்பந்திக்கு வயிற்றுப்போக்கு. அந்த ஏரிக்கு நடப்பதற்காக மூன்று மாதமாக நடந்து பழகியவர். புது ஷூ வேறு. மகனும் மருமகளும் மட்டும் கிளம்பினார்கள்.

"அம்மாவைப் பாத்துக்கோங்க அத்தை. எது ஒத்துக்கலைன்னே தெரியல."

தலையை ஆட்டினேன். சம்பந்திக்கு நடுக்கமாக இருந்தது. சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

"மதினி, நேத்து நீங்க கிண்ணத்தை மூடுனதைப் பாத்தேன்."

"ம்."

"மூடுனா ஊத்த மாட்டாங்களோ?"

"ம்."

"தெரிஞ்சிருந்துமா சொல்லல?"

நான் அந்தப் புது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிப் பாதகத்தி" என்றார் சம்பந்தி. சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. அதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

இன்றுவரை இதை மகளிடம் அவர் சொல்லவில்லை. நானாக இருந்தால் அப்படி வாயைக் கட்டியிருக்க மாட்டேன். அதற்கும் எனக்குப் பொறாமைதான். சால்வையும் அவரோடு ஈசா டவுனுக்குப் போய்விட்டது.

அவர் சொல்லாததால்தான் நானே எழுதிவிட்டேன். யாராவது இதை அவரிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். நாலு கிண்ணமா ஐந்தா என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு எத்தனை வயசில் காது எட்டியது என்பதையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.