ஜாபர் பாய் வேண்டாம் என்ற லயன் ஃபிஷ்

ஜாபர் பாய் போய்ட்டார். ஆம்பூர் பஜாரில் கலர் மீன் கடை வைத்திருந்தாரே, அவர்தான். காலையில் ஹார்ட் அட்டாக்காம்...

அவர் மேல் எனக்குத் தீராத கோபம். இருந்தாலும் சோறு இறங்கவில்லை.

ஷூ கம்பெனியில் ரிட்டயர் ஆனதும் வீட்டில் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். சும்மா வாலாட்டுகிற மீன் வேண்டாம், வேட்டையாடுகிற மீன்தான் வேண்டும் என்று பாய் கடைக்குப் போனேன்.

கடை நிறைய ஆள். பாய் சிரித்தார். "உனுக்கு இன்னாத்துக்கு ஆயா இந்தப் பேஜாரு? ரெண்டு ஆரஞ்சு மீன் எடுத்துனு போ."

ஆயாவாம்! அவருக்கும் என் வயசுதான்.

அப்புறம் கலவா மீன் குஞ்சைக் காட்டினார். "இதுவும் வேட்டை மீன்தான். எது போட்டாலும் துன்னும்."

"கொழம்புல போடறத தொட்டில வுட்டுப் பாக்கணுமா பாய்?"

நான் கை காட்டியது லயன் ஃபிஷ். உடம்பெல்லாம் சிவப்பு வரி, விசிறி மாதிரி விரித்த முள். அசையாமல் நின்று என்னையே முறைத்தது. எனக்குப் பிடித்துப்போனது.

"முள்ளு விஷம். உயிரோட ஓடறதத்தான் புடிச்சித் துன்னும், செத்த எறாவத் தொடாது. பட்டினில பூடும். வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். துன்னலன்னா திருப்பி எடுத்துனு வந்துடுவேன்."

"துன்னுச்சுன்னா? நீங்க தோத்துட்டேன்னு சொல்லணும் பாய்."

"சொல்றேன், சொல்றேன்."

முதல் சில நாள் அது நான் போட்ட செத்த எறாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஷூ தைக்கிற நூலில் எறாவை லேசாகக் கட்டி, உயிரோடு துள்ளுகிற மாதிரி ஆட்டினேன்... வாய் திறந்தது. அவ்வளவுதான். நூல் மட்டும் என் கையில்!

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் பக்கெட்டோடு வந்தார். அவர் கண் முன்னாலேயே இன்னொரு எறா காலி.

"இன்னா பாய்?"

"இன்னிக்கி அதுக்கு மூடு நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வெறும் பக்கெட்டோடு படி இறங்கினார். தோத்துட்டேன் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. அதற்கப்புறம் எத்தனை தடவை கடையில் போய்க் கேட்டிருப்பேன்... பேச்சை மாற்றிவிடுவார்.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லயன் ஃபிஷ் அக்காதான நீங்க? அன்னிக்கி வந்ததும் சொன்னாரு, அந்தம்மாகிட்ட தோத்துட்டேன்னு. கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். என்னைத் தவிர!

இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜெயிச்சது நான்தான் பாய். அழுகையும் வருது...

நல்லபடியா போய் வாங்க.