மெட்டுகுடா சந்துக்குள் ஒரு பெரிய வண்டி

புது வண்டி எடுத்த நாளில் என் நாட்குறிப்பில் முதலில் எழுதியது அதன் நிறத்தை அல்ல, கதவு மூடும் சத்தத்தை. பழைய சின்னக் காரின் கதவை ஓங்கி அடைத்தால்தான் மூடும், அதுவும் தகர டப்பா போலக் கத்திக்கொண்டு. இதை விரல் நுனியால் தள்ளினாலே 'தப்' என்று அடங்கியது. வெளியே நின்ற ஆட்டோக்களின் இரைச்சல் அதோடு அணைந்துபோயிற்று.

ஹைதராபாத் பாலாநகரில் பார்த்துக்கொண்டிருந்த மத்திய அரசு வேலையை விட்டு மென்பொருள் கம்பெனிக்கு மாறியபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். அந்தக் கம்பெனிச் சம்பளத்தில் வாங்கியதுதான் இந்த ஜெர்மன் வண்டி. வாங்குவதில் வீட்டில் சிக்கல் இல்லை. ஓட்டுவது யார் என்பதில்தான் சிக்கல்.

என் கணவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது.

"இத்தாம் பெரிய வண்டிய நம்ம சந்துக்குள்ள கொண்டாரது உன்னால ஆகாது அம்மிணி. ஒரு டிரைவரப் போட்டுட்டுப் பின்னால உக்காந்து போ. இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்கெல்லாம் அப்படித்தான போறாங்க?"

பின்னால் உட்கார்ந்து போகவா நான் வண்டி வாங்கினேன்? கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு கீறல்கூட விழாமல் நானே வீட்டு கேட்டுக்குள் நிறுத்திவிட்டால் டிரைவர் பேச்சே எடுக்கக் கூடாது. கீறல் விழுந்தால் மறுநாளே டிரைவர்.

நான் முன்பதிவு செய்வதற்கு முன்பே டேப் பிடித்துச் சந்தை அளந்து வைத்திருந்தேன். மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவில்தான் மிகக் குறுகல். கேட்டையும் விடவில்லை. வண்டியின் அகலம் ஷோரூமில் கொடுத்த புத்தகத்தில் இருந்தது. இருபுறமும் ஓர் உள்ளங்கை அளவு மிஞ்சும் என்பது என் கணக்கு.

ஷோரூமில் விற்பனையாளர் ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினார். ஓட்டுநர் இருக்கையை நம் உயரத்துக்குச் சரிசெய்து ஒன்றாம் எண்ணை அழுத்தினால் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒன்றாம் எண்ணை எனக்கு வைத்தேன். "ரெண்டாம் நம்பரு டிரைவருக்கு" என்றார் கணவர்.

பிள்ளையார் கோயிலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பூசை முடித்துக் கிளம்பினோம். வண்டி ஓடுவதாகவே தெரியவில்லை. சாலைதான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. ஹார்ன் மட்டும் ஏமாற்றம். அவ்வளவு மரியாதையான குரலுக்கு ஹைதராபாத்தில் யாரும் வழிவிடுவதில்லை.

முதல் சிக்னலில்தான் மானம் போனது. இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். பல வருடம் கிளட்ச் மிதித்துப் பழகிய என் இடது காலுக்கு அது தெரியுமா? தானாகப் போய் அகலமான பிரேக்கை முழுதாக மிதித்தது. வண்டி குப்புறக் கவிழ்வதுபோல் தலைகுனிந்து நின்றது. பின்சீட்டில் மகள் மடியில் இருந்த லட்டுப் பெட்டி பறந்து முன்னால் வந்து விழுந்தது.

பின்னால் வந்த ஆட்டோக்காரர், ஏன் நிறுத்தினீர்கள் என்று தலையை நீட்டினார். "கைக்கு ரோக்கே, மேடம்?"

கணவர் காலடியில் கிடந்த லட்டு ஒன்றை எடுத்து ஊதினார். "டிரைவரு இருந்திருந்தா லட்டாவது மிஞ்சியிருக்கும்."

நான் ஓரமாக நிறுத்தி இடது கால் செருப்பை மட்டும் கழற்றினேன். வெறுங்காலாக இருந்தால் 'உனக்கு இங்கே வேலை இல்லை' என்பது அதற்கு ஞாபகம் இருக்கும்.

சந்து முனையில் கணவரும் மகளும் இறங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. பச்சைத் துண்டு ஒன்றை ஆட்டி, வரட்டும் வரட்டும் என்று அவரும் முன்னால் வந்து நின்றார். "ஆனே தோ, மேடம்! ஆனே தோ!"

மின்கம்பத்தை நெருங்கியபோது மகள் அலறினாள். "அம்மா, நக்கோ, வேண்டாம்! மிர்ரர் தட்டும்!"

அப்போதுதான் புரிந்தது. புத்தகத்தில் இருந்த அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காதது. சந்தையும் கேட்டையும் அளந்த நான், வண்டியின் காதுகளை மறந்துவிட்டேன்! பின்னால் அதற்குள் இரண்டு ஸ்கூட்டர்கள் வந்து நின்றுவிட்டன. கணவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

விற்பனையாளர் காட்டிய பொத்தான்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினேன். கதவில் இருந்த ஒன்றை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் முயல் காதுபோல மெல்ல மடங்கின. இனிப் பக்கவாட்டில் எனக்கு எதுவும் தெரியாது. கார்டின் பச்சைத் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு வலது காலை பிரேக்கிலிருந்து இம்மி இம்மியாக எடுத்தேன். கம்பம் போனது. படி போனது. திரும்பி, கேட்டுக்குள்ளும் நுழைந்தேன்.

"ஹவ்! பஸ், பஸ்!" என்று, போதும் என்பதற்கு அடையாளமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கைதட்டினார் கார்டு.

கணவர் ரயில் பெட்டியைச் சோதிக்கிறவர்போல வண்டியைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு கீறலும் இல்லை. நான் கம்பீரமாகக் கதவைத் திறந்தேன். அது ஒரு சாண் நகர்ந்ததும் மதில் சுவர் வழிமறித்தது. கதவு திறக்க இடம் வேண்டும் என்பதையும் நான் அளக்கவில்லை.

"உள்ள கொண்டாந்துட்டீங்க, சரிங்க. நீங்க எப்புடிங்க வெளிய வருவீங்க?" என்றார் கணவர், இல்லாத மரியாதையோடு.

"வர்றனுங்க, பாருங்க!" புடவையைச் செருகிக்கொண்டு கியரைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தேன். அத்தனை அகலமான, வழுவழுப்பான தோல் இருக்கை என்பதை அப்போதுதான் அனுபவித்து அறிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இடதுபக்கக் கதவைத் திறந்து கை கொடுத்தார். மறுநாளிலிருந்து வண்டியைப் பின்னோக்கியே உள்ளே விட்டேன். என் பக்கக் கதவு மதிலுக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டது.

அந்த மறுநாள் காலையில், வழக்கமாக வேலைக்குப் போகும் ஸ்கூட்டரை அவர் எடுக்கவில்லை.

"அந்த வழியாத்தான போறே, என்னையும் எறக்கி உட்டுரு. வேப்பமரத்துக்கிட்டயே நிறுத்து. கேட்டுக்கு வராத. ஆளுக பாத்தா கிண்டல் பண்ணுவாங்க."

வேப்பமரம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் போ" என்றார். பிறகு, "கேட்டுக்கே போயிரு."

பணிமனை வாசலில், சைக்கிளோடு நின்ற தமிழ்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னண்ணே, புது வண்டியா! டிரைவரு வரலியா?"

கணவர் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார். "டிரைவரு எதுக்குங்க? எங்கூட்டு அம்மிணிதான் ஓட்டறாங்க."

இறங்கி, கதவை விரல் நுனியால் தள்ளினார். தப். நான் வலது காலை மெல்ல அழுத்தினேன். இடது கால் சும்மா இருந்தது.